பூஞ்சணம் என்று நினைத்துச் சுரண்டியவை

தூசி நீக்குவதற்கு இப்போது கணினியில் ஒரு பொத்தான் இருக்கிறது. போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த ஹட்டன் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போயிருந்தபோது சுகந்தி அதை அழுத்திக் காட்டினாள். எங்கள் பழைய முதலாளியின் பேத்தி அவள். ஸ்டூடியோவை இப்போது நடத்துபவள். ஒரு கல்யாணப் படத்தில் இருந்த முப்பது நாற்பது புள்ளிகள் ஒரே அழுத்தில் காணாமல் போயின. பிறகு, விண்வெளித் தொலைநோக்கி எடுத்ததாகச் சொல்லி ஒரு படத்தைத் திறந்தாள். கறுப்புத் திரை முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. அவள் விரல் மறுபடியும் அந்தப் பொத்தானை நோக்கிப் போனது.

"அத அமுக்காத," என்றேன்.

"ஏன் ஆச்சி? சும்மா வெளயாட்டுக்குத்தான்."

"வெளயாட்டுக்கும் வேணாம். நான் ஒருக்கா அமுக்கிட்டேன்."

என்ன கதை என்று கேட்டாள். சொன்னேன். எழுதித் தரச் சொன்னாள். கண் தெரிகிற நாளிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் பாக்கியம். றொசல்லத் தேயிலைத் தோட்டத்து லய வீடொன்றில் பிறந்தவள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் கொழுந்து பறிக்கப் பெயர் பதிய வேண்டிய நேரத்தில், பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த படங்களைப் பார்த்த வாத்தியார் ஹட்டனில் இருந்த ஸ்டூடியோவுக்குக் கடிதம் கொடுத்தார். காலை ரயிலில் போய், மாலை ரயிலில் வருவேன். முதல் வருடம் பென்சில் சீவினேன். இரண்டாம் வருடம் அம்மைத் தழும்பு நிரப்பினேன். மூன்றாம் வருடம் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் வேலைக்கு 'டச்சிங்' என்று பெயர். அப்போது படம் 'பிளேட்' என்கிற கண்ணாடித் தகட்டில் விழும். கண்ணாடியில் கறுப்பாக இருப்பது படத்தில் வெள்ளையாக வரும். வெள்ளையாக இருப்பது கறுப்பாக வரும். சாய்ந்த மேசை, நடுவில் ஒரு துளை, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகக்கண்ணாடி. துளையின் மேல் பிளேட்டை வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் குறையை நிரப்புவோம். கூடுதலாக இருப்பதைக் கத்தியால் சுரண்டுவோம். பென்சில் வேலை தப்பினால் டர்பன்டைன் விட்டுத் துடைத்துவிடலாம். கத்தி தப்பினால் தப்பியதுதான்.

மலைநாட்டில் எங்களுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். வைகாசி பிறந்து மழை பிடித்துவிட்டால் செருப்பு, பாய், பாடப் புத்தகம் எல்லாவற்றிலும் பூக்கும். கண்ணாடிப் பிளேட்டில் பூசியிருக்கும் பசை அதற்கு விருந்து. சுண்ணாம்புக் கட்டி போட்ட தேயிலைப் பெட்டிக்குள் பிளேட்டுகளை அடுக்கி வைப்போம். அப்படியும் வரும். அதில் மூன்று வகை உண்டு. வழுவழுப்பாக வட்டமாக இருப்பது பொட்டு. நூல் நூலாகச் சுற்றி ஓடுவது சுழி. ஒழுங்கில்லாமல், துண்டு துண்டாக, சில நேரம் இரண்டு ஒட்டிக்கொண்டு கிடப்பது கிழிசல். பொட்டு முற்றியது, கிழிசல் புதிது. கிழிசலாகத் தொடங்கி, பக்கத்தில் இருப்பதோடு சேர்ந்து சேர்ந்துதான் பெரிதாகும். எந்த வகை என்று பார்த்துத்தான் வைத்தியம்.

பிளேட்டைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று. முதலில் புரூஃப் என்கிற மாதிரிப் படம் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு தனிக் காகிதம். பிளேட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தால் படம் தானாகச் சிவந்து வரும். மருந்தில் போட்டு நிலைக்க வைக்க மாட்டோம். வாடிக்கையாளர் புரூஃப்பையே வைத்துக்கொண்டு காசு தராமல் இருந்துவிடக் கூடாதே என்று முதலாளிமார் கண்டுபிடித்த தந்திரம் அது. வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்கக் கறுத்து, சில நாளில் ஒன்றுமே இல்லாமல் போகும். அந்தப் புரூஃப்பில் எடுக்க வேண்டியதைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, பின்பக்கம் வகை எழுதுவோம். இரண்டாவது, வட்டங்களை வாடிக்கையாளருக்குக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். மூன்றாவது, பிளேட்டைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். பூஞ்சணமாக இருந்தால் பஞ்சுபோல மேலே எழும்பி நிற்கும்.

இந்த ஒழுங்கை வைத்தவர் இன்னாசி மாஸ்டர். இருட்டறை அவருடையது. திட்டவே மாட்டார். நாம் கெடுத்த படத்தை எடுத்து நம் மேசையில் வைத்து, அதன் மேல் நமக்கான தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போவார். குடித்து முடித்துக் கோப்பையை எடுக்கும்போது நம் தப்பு நம்மையே பார்க்கும். இருட்டறையில் கடிகாரம் தெரியாது என்பதால் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லி நேரம் கணக்கிடுவார். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவர். நாவலப்பிட்டியில் தொடங்கி, இங்குறுஓயா, கல்பொட, வட்டவளை, றொசல்ல என்று ஒரே சீராகப் போகும். "இதுக்கு ஒரு தலவாக்கலை போதும்," "இது பண்டாரவளை வரைக்கும் போகட்டும்" என்பார். எங்களுக்கு அதுவே நிமிடமும் நொடியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்தில் சிவஞானம் என்ற யாழ்ப்பாணத்து எஞ்சினியர் இருந்தார். சொந்தக் கையால் கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தவர். மூன்று வருடமாக, மாசி பங்குனியில் மழை ஓயும் சில வாரங்களில் மட்டும், வானத்தைக் கண்ணாடிப் பிளேட்டில் பிடிக்கப் பார்த்திருக்கிறார். முதல் வருடம் மூடுபனி. இரண்டாம் வருடம் தொலைநோக்கி ஆடிவிட்டது. மூன்றாம் வருடம் ஒரே ஒரு பிளேட் சரியாக விழுந்தது. அடுத்த மாதம் அவருக்குக் கொழும்புக்கு மாற்றல். அங்கே தெருவிளக்கில் இந்த வேலை நடக்காது. அதனால் அந்தப் பிளேட்டைச் சுத்தம் செய்து, பெரிதாக்கி, வெளிநாட்டு வானியல் சங்கம் ஒன்றுக்கு அனுப்ப நினைத்திருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் வந்து மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனபோது நான் சாப்பிடப் போயிருந்தேன்.

மாஸ்டர் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் வெயில் எறித்தபோது புரூஃப் எடுத்தார். "நட்சத்திரப் படம். ஓரத்துல பூஞ்சணம் புடிச்சிருக்கு பாரு," என்று சொல்லி என்னிடம் தந்துவிட்டு, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கண்டிக்குப் போய்விட்டார்.

ஓரத்தில் இருந்தது உண்மையிலேயே பூஞ்சணம். பிளேட் வந்த பெட்டியே பூஞ்சண வாடை அடித்தது. ஆனால் நடுவிலும் அல்லவா இருந்தது. நட்சத்திரங்கள் கூர்மையான கறுப்புப் புள்ளிகளாக ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றுக்கு நடுவே கடுகளவில், மிளகளவில், புகைபோல மங்கலாகப் பதினொன்று. நட்சத்திரம் என்றால் புள்ளி, புகை என்றால் பூஞ்சணம். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கருஞ்சிவப்புக் காகிதத்தில் தெரியட்டும் என்று வெள்ளைப் பென்சிலால் அந்தப் பதினொன்றுக்கும் வட்டம் போட்டேன், எண் போட்டேன். பின்பக்கம் எழுதினேன்: ஒன்று, பொட்டு, முற்றியது. இரண்டு, பொட்டு. மூன்று, சுழி, இரண்டு நூல். நான்கு, சுழி, சப்பையாக. ஏழு, கிழிசல், இரண்டு ஒட்டியது, புதுசு.

நோட்டன் பிரிட்ஜ்காரரிடம் வட்டங்களைக் காட்டச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். வெளியே மழை இருட்டு. சாய்த்துப் பார்க்க வெளிச்சம் போதவில்லை. இரண்டையும் விட்டேன். ஓரத்தில் இருந்தது ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் போனது. நடுவில் இருந்த பொட்டுகளையும் துடைத்துப் பார்த்தேன். அசையவில்லை. பூஞ்சணமாக இருந்தால் கொஞ்சமாவது கரைந்திருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்தது, இது வேர் விட்டது, கத்தி வேண்டும் என்று. இரண்டு நாள் உட்கார்ந்து, ஒரு நட்சத்திரத்தையும் தொடாமல், பதினொன்றையும் சுரண்டி எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

சனிக்கிழமை மாஸ்டரும் திரும்பியிருந்தார். எஞ்சினியர் குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். நானே பெருமையாகப் பிளேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு பொட்டு இல்லாமத் தொடைச்சு வச்சிருக்கேங்க ஐயா."

அவர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"பிள்ளை, நடுவிலை புகை மாதிரிக் கொஞ்சம் இருந்ததே. அதுகள் எங்கை?"

"பூஞ்சணங்களா ஐயா? எல்லாத்தையும் எடுத்துட்டேங்க."

"அது பூஞ்சணம் இல்லைப் பிள்ளை," என்றார். குரல் உயரவில்லை. "ஒவ்வொண்டும் ஒரு நட்சத்திர மண்டலம். எங்கட பால்வீதி மாதிரி. ஒவ்வொண்டுக்குள்ளையும் கோடிக்கணக்கிலை சூரியன். அதுகளுக்காகத்தான் மூண்டு வருசம் நிண்டனான்."

நான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவள்கூட இல்லை. பிள்ளையாரையே துடைத்து எறிந்தவள். மூன்று வருடம் ஒரு மனிதர் குளிரில் நின்று சேர்த்ததை இரண்டு நாளில் கத்தியால் வழித்திருக்கிறேன். முதலாளி வேலையை விட்டு நிறுத்துவார், நாளைக்குக் கொழுந்துக் கூடைதான் என்ற பயம்கூட அப்புறம்தான் வந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுதேன்.

மாஸ்டர் அழவிடவில்லை. "புரூஃப் எங்க?" என்றார்.

"மேசைக்குள்ள இருக்குங்க மாஸ்டர்." இழுப்பறையைத் திறந்து கறுப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போனேன்.

"தொறக்காத. அப்புடியே வை." அவர் குரல் அவ்வளவு கூர்மையாக வந்து நான் கேட்டதில்லை. "எத்தன தரம் தொறந்து பாத்த?"

"அஞ்சாறு தரம் இருக்குங்க."

அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. அந்தக் காகிதத்தில் வானம் கருஞ்சிவப்பு. என் பதினொன்றும் வெளிறிய தடங்கள். ஒவ்வொரு பார்வைக்கும் அந்த வெளிறல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவக்கும். உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அது. பார்த்தால் அழியும் சாட்சி.

"மருந்துல போட்டு நிக்க வைக்கலாமா மாஸ்டர்?"

"போட்டா மங்கலெல்லாம் வெளிறிப் போயிரும். நமக்கு மங்கல்தானே வேணும். மொதல்ல கேமராவால படம் புடிப்போம். பெறகு மருந்து."

மஞ்சள் விளக்கில் பொட்டலத்தைப் பிரித்தோம். எஞ்சினியர் குனிந்தார். பதினொன்றும் இருந்தன, ஆறாவதும் பத்தாவதும் இருந்தும் இல்லாமலும். புரூஃப்பைப் பலகையில் குத்தி, பெரிய கேமராவை நிறுத்தி, இரண்டு பக்கமும் பல்பு வைத்தோம். பிரதி எடுக்கும் பிளேட் இரண்டே இரண்டு இருந்தது. "ஒரு பண்டாரவளை," என்று சொல்லி மாஸ்டர் மூடியை எடுத்தார். நாவலப்பிட்டி, இங்குறுஓயா, கல்பொட என்று ரயில் ஏறியது. நானுஓயா தாண்டி அம்பேவெலவுக்குப் போகும்போது விளக்கு மங்கி, துடித்து, அணைந்தது.

இருட்டுக்குள்ளிருந்து எஞ்சினியர் சொன்னார், "மன்னியுங்கோ மாஸ்டர். உது எங்கட கரண்ட்தான்."

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பிளேட் பாழ்.

கரண்ட் வர அரைமணிக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் புரூஃப்பைக் கறுப்புக் காகிதத்தில் மூடிவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். எஞ்சினியர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பின்பக்கத்திலை பொட்டு, சுழி, கிழிசல் எண்டு எழுதியிருக்கிறீர். அதென்ன?"

பூஞ்சண வகைகளைச் சொன்னேன். அன்று காலையில் வேறு யாராவது கேட்டிருந்தால் பெருமையாகச் சொல்லியிருப்பேன். இப்போது தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவரும் அதே பதினொன்றை வகை பிரித்திருந்தார்: உருண்டை, சுருள், ஒழுங்கற்றது. ஒன்றைத் தவிர எல்லாம் என் பட்டியலோடு ஒத்துப்போயின. ஏழாவதை அவர் ஒன்று என்று எழுதியிருந்தார். நான் இரண்டு ஒட்டியது என்று எழுதியிருந்தேன்.

"இது இரண்டா?"

"ரெண்டுங்க ஐயா. நடுவுல ஒரு இடுப்பு இருந்துச்சு. கத்தி வைக்கிறப்ப நல்லாத் தெரிஞ்சுச்சு."

அவர் தன் புத்தகத்தில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏங்க ஐயா, ஒண்ணு உருண்டையா, ஒண்ணு சுழியா, ஒண்ணு கிழிசலா ஏன் இருக்கு? ஒரே சாமானா, வயசு வித்தியாசமா?"

"அதுதான் கேள்வி," என்றார். முகம் அப்போதுதான் தெளிந்தது. "உருண்டையாத் தொடங்கி, சுத்திச் சுத்திச் சப்பையாகிச் சுருள் விடும் எண்டு சிலபேர் சொல்லினம். இல்லை, மற்றப்பக்கம் எண்டு வேறை ஆக்கள். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, எப்பவும் இப்பிடித்தான் எண்டும் சொல்லினம். ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. நீர் ஏன் கிழிசலைப் புதுசு எண்டு எழுதினீர்?"

"பூஞ்சணம் அப்புடித்தாங்க. மொதல்ல துண்டு துண்டா விழும். பெறகு பக்கத்துல உள்ளதோட ஒட்டி ஒட்டித்தான் ஒரு வடிவத்துக்கு வரும்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எச்சரித்தார். "பிள்ளை, பூஞ்சணத்தை வைச்சு வானத்தைச் சொல்லேலாது. உதுகள் எங்களுக்குக் கிட்ட இருக்கிற சொந்தக்காரர். எல்லாம் வயசு போனதுகள்தான். தொடக்கத்திலை எப்பிடி இருந்தது எண்டு அறிய இன்னும் எவ்வளவோ தூரம் பாக்கவேணும். தூரம் போகப் போக வெளிச்சம் பழசு. அங்கை தெரியிறது அதுகளின்ரை சின்ன வயசு. என்ரை கண்ணாடிக்கு அது எட்டாது."

"வேற யாருக்காச்சும் எட்டுமாங்க?"

"எட்டும். எங்கட காலத்திலை இல்லை."

கரண்ட் வந்தது. மாஸ்டர் இரண்டாவது பிளேட்டைச் செருகினார். புரூஃப் கூடுதல் வெளிச்சம் குடித்துவிட்டதால், இந்த முறை பண்டாரவளைக்கு முன்னாலேயே, ஹப்புத்தளையோடு நிறுத்தினார். ஏன் அங்கே நிறுத்தினார் என்று கேட்டதற்கு, "கை சொல்லிச்சு," என்று மட்டும் சொன்னார். மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வட்டங்கள் முதலில் வந்தன. அவற்றுக்குள் ஒவ்வொன்றாகப் புகை வந்தது. எஞ்சினியர் விரல் விட்டு எண்ணினார். ஒன்பது. ஆறாவதும் பத்தாவதும் வரவில்லை. நான் அவற்றையும் கடைசி வரை எதிர்பார்த்தேன்.

"ஒன்பது போதும்," என்றார் அவர். போதாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலாளியிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிதாக்கிய படத்தை வட்டங்களோடு அப்படியே சங்கத்துக்கு அனுப்பினார். மருந்தில் போட்டு நிலைக்க வைத்த புரூஃப்பை என்னிடமே தந்துவிட்டுப் போனார். கொழும்பிலிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. இவை எல்லாம் உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த மண்டலங்கள்தான், ஆனால் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கையால் தேய்த்த கண்ணாடிக்கு வடிவம் தெரிகிறது என்று சங்கத்தார் ஒத்துக்கொண்டார்களாம். வட்டம் போட்டவர் யார் என்றும் கேட்டார்களாம். 'பூஞ்சணப் பரிசோதகர்' என்று பதில் எழுதியதாகச் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் என் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அடியில், எஞ்சினியர் விட்டுப்போன அந்தச் சுரண்டிய பிளேட் இருந்தது. நான் குடித்து முடிக்க வெகுநேரம் எடுத்தேன்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அந்த மேசையில் இருந்தேன். கேட்காமல் எதையும் எடுத்ததில்லை. அறுபதுகளில் பிரஜாவுரிமைக்கும், இந்தியாவுக்குத் திரும்பிப் போவதற்கான பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கத் தோட்டம் தோட்டமாக ஆட்கள் வந்து படிக்கட்டு வரை நின்றார்கள். இறம்பொடைப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "தாடையில இருக்க தழும்ப எடுக்கவாம்மா?" என்று கேட்டேன். "வேணாங்க. ஊருக்குப் போனா எங்கக்கா அதப் பாத்துத்தான் என்னையக் கண்டுபுடிக்கணும்," என்றாள். அந்தத் தழும்பு துல்லியமாக விழ வேண்டும் என்று விளக்கைத் திருப்பி வைக்கச் சொன்னேன்.

இப்போது சுகந்தி காட்டிய படத்துக்கு வருகிறேன். அதில் இருக்கும் மங்கிய சிவப்புத் திட்டுகள் பிரபஞ்சம் தொடங்கிக் கொஞ்ச காலத்தில் இருந்த மண்டலங்களாம். பெரிதாக்கச் சொன்னேன். சின்னதாக, கட்டி கட்டியாக, ஒழுங்கில்லாமல், இரண்டு மூன்று ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. இப்படி மோதிச் சேர்ந்துதான் பல மண்டலங்கள் பெரிதாயின என்று அவள் வாசித்துச் சொன்னாள். ஆனால் எதிர்பாராத அளவுக்கு அப்போதே தட்டையாக, ஒழுங்காகச் சிலவும் இருக்கின்றனவாம். அது ஏன் என்று விஞ்ஞானிகள் தலையைச் சொறிகிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் கேள்வி முடியவில்லை. சிவஞானம் ஐயா இதைப் பார்த்திருக்க வேண்டும். கிழிசல், இரண்டு ஒட்டியது, புதுசு. பூஞ்சணத்தை வைத்து வானத்தைச் சொல்லக்கூடாது என்று மறுபடியும் என்னை எச்சரித்திருப்பார்.

அடுத்த நாள் அந்தப் புரூஃப்பைக் கொண்டுபோய்ச் சுகந்தியிடம் கொடுத்தேன். கணினியில் ஏற்றினாள். திரையில் பெரிதாக வந்ததும் இரண்டு பேரும் குனிந்தோம். அறுபது எழுபது வருட ஹட்டன் ஈரத்தில் அந்தக் காகிதத்திலும் பூஞ்சணம் பூத்திருந்தது. பதினொரு வட்டத்துக்கும் வெளியே, மூலையில், நடுவில், ஏழாவதற்குப் பக்கத்தில்.

"இதுல எது ஆச்சி வானம், எது பூஞ்சணம்?"

காகிதத்தைக் கையில் எடுத்து, ஜன்னலுக்குப் போய், அன்றைக்குப் பிளேட்டைச் சாய்க்காமல் விட்டவள் இப்போது சாய்த்துப் பார்த்தேன். பஞ்சு ஒன்றும் எழும்பி நிற்கவில்லை. எல்லாம் காகிதத்துக்குள்ளேயே ஊறிவிட்டது. வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் மண்டலம், அது நிச்சயம். வெளியே இருப்பதெல்லாம் பூஞ்சணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஏழாவதற்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்னது பூஞ்சணமா, அன்றைக்கு மழை இருட்டில் நான் வட்டம் போட மறந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

"சுத்தம் பண்ணவா?" என்று கேட்டாள் சுகந்தி.

"ஒண்ணையும் தொடாத," என்றேன். "அப்புடியே இருக்கட்டும்."